புதுப்பிப்பு: அமெரிக்க அரசுப் பள்ளி இடைநீக்கமும் மேல்முறையீடும்

முந்தைய இழை, இடைநீக்கத்துக்கு முன் பள்ளி நடத்தும் விசாரணை பற்றியது. இடைநீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்வது பற்றிப் பலர் கேட்டதால் இது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கோஸ் எதிர் லோபஸ் (1975) தீர்ப்புப்படி, 10 நாள் வரையிலான இடைநீக்கத்துக்கும் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும். மாணவர் மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இதெல்லாம் வாய்மொழியாக நடந்தாலே போதும். அதனால் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதிப் பள்ளி முதல்வருக்கு அனுப்பிவிடுங்கள்; பின்னால் காட்ட அதுதான் இருக்கும்.

பலர் சறுக்குவது மேல்முறையீட்டுக் கெடுவில்தான். ஆதாரத்துக்காகப் பெற்றோர் கேட்கும் மாணவர் பதிவேட்டைக் காட்டப் பள்ளிக்குச் சட்டம் 45 நாள் வரை தருகிறது. மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பதிவேடு வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். முதலில் மனு, ஆதாரத்தைப் பிறகு சேர்க்க அதிலேயே அனுமதி கேளுங்கள்.

குறைபாட்டுக்காகச் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையைத் தொடர்ந்து 10 பள்ளி நாளுக்கு மேல் நீக்க முடிவெடுத்தால், நடத்தைக்கு அந்தக் குறைபாடு காரணமா என்று 10 பள்ளி நாளுக்குள் ஆராய வேண்டும். அதை ஆராயும் கூட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.