இருட்டில் திருப்பி மின்னிய கண்கள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர் வண்டிக்காரன்:
போன தை மாதம், குன்றக்குடி தாண்டித் திருப்பத்தூர் ரோடு, விடியக்காலை 3 மணி. வண்டியில் நெல் மூட்டை. தூரத்தில் தரையோடு தரையாக இரண்டு பச்சை வட்டம். மாடு என்று பிரேக்கை மிதித்துவிட்டேன். நின்ற பிறகுதான் தெரிந்தது, பம்பருக்கும் அந்தப் பசுவுக்கும் நடுவில் இன்னொன்று படுத்திருந்தது. கறுப்பு. முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு அசை போடுகிறது. வாலில் காய்ந்திருந்த சாணம்கூடத் தெரிந்தது, அவ்வளவு கிட்டே. அதனிடமிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. பின்னால் கிடந்த பசு தலையைத் தூக்காமல் இருந்திருந்தால்? படுத்தால் இன்னும் அந்தப் பச்சை வட்டம்தான் வருகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
எனக்கு நரி. கண்மாய்க் கரையில். கண் இரண்டும் கங்கு மாதிரி இருந்தது. மிருகக் கண்ணுக்குள் பாஸ்பரஸ் உண்டு, தானாக எரியும் என்று எங்கள் ஐயா சொல்வார்.

கானாடுகாத்தான் பேத்தி:
ரஸ்தா அண்ணே, தானாக எரிவதில்லை. டார்ச்சை அணைத்துப் பாருங்கள், கண்ணும் அணைந்துவிடும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம். முதல் தடவை கண்ணில் தங்காமல் போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது, மங்கலில் இரண்டாவது தடவை பார்க்கக் கிடைக்கிறது. மாடு, ஆடு, நாய், பூனை, நரி எல்லாவற்றுக்கும் உண்டு. நமக்கும் பன்றிக்கும் இல்லை.

என் கதை சின்னது. அப்பத்தா வீட்டுப் பின்கட்டில் கரண்ட் போன ராத்திரி. டார்ச்சைக் கண்ணோரம் வைத்துத் தரையைப் பார்த்தேன், ஊசிமுனை அளவில் பச்சைப் பச்சையாக மினுக்கம். வலை கட்டாமல் தரையில் ஓடித் திரியும் சிலந்திகளின் கண். பக்கத்திலேயே நின்ற அப்பத்தா, "எங்க ஆத்தா, ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். டார்ச்சை அவர்கள் நெற்றியோரம் கொண்டுபோய் வைத்தேன். "ஆத்தாடி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெளிச்சம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது, தள்ளி நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

பழனி நடைக்காரர்:
பேத்தி சொன்னதை நடப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ராத்திரி நடப்பவர்கள் ஒட்டிக்கொள்ளும், விளக்கு பட்டால் மின்னும் ஒட்டுப்பட்டையிலும் இதே சங்கதிதான். போன பூசத்துக்கு என்னோடு நடந்த தம்பி, "இது மின்னவே இல்லை அண்ணே" என்று முதுகுப் பையில் இருந்ததைப் பிய்த்துவிட்டான். லாரி விளக்கு நமக்குப் பின்னால், நம் கண் வேறெங்கோ. நமக்கு எப்படி மின்னும்? மின்ன வேண்டியது டிரைவர் கண்ணுக்கு.

அதனால் சொல்கிறேன். பட்டையைப் பையில் மட்டும் ஒட்டாதீர்கள், கெண்டைக்காலிலும் சுற்றுங்கள். கால் ஆடும்போது ஆள் நடக்கிறார் என்று டிரைவருக்குப் பிடிபடும். துண்டு போட்டு மறைக்காதீர்கள். புழுதி படிந்தால் துடையுங்கள், அதில் இருப்பது பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். பழைய சிடியைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், அது வேண்டாம், அதுவும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான். பெரிய வீட்டு பெல்ஜியம் கண்ணாடியில் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் எதிர்ச்சுவருக்குத்தான் போகும். சைக்கிள் பின்னால் இருக்கும் சிவப்பு வில்லை அப்படி இல்லை, உள்ளே மும்மூன்று தளங்கள் மூலை மூலையாகக் கூடி வெளிச்சத்தை வந்த வழிக்கே திருப்பும். 1969-இல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்த 100 மூலைக் கண்ணாடிகளுக்கும் இதே வேலைதான், இங்கிருந்து அனுப்பும் லேசர் திரும்பி வருகிறது. பெர்சி ஷா என்பவர் இங்கிலாந்தில் ரோட்டில் வண்டி விளக்குக்கு மின்னும் கண் பதித்தது 1930-களிலேயே, பூனைக்கண் பார்த்துத்தான் என்று சொல்வார்கள். மாடு வைத்திருப்பவர்கள் இரண்டு கொம்பிலும் பட்டையை முழுச் சுற்றாகச் சுற்றுங்கள்.

பள்ளத்தூர் வண்டிக்காரன்:
கொம்பு யோசனை நல்லது அண்ணே. ஆனால் அந்தக் கறுப்புக்குக் கொம்பே இல்லை. கழுத்துக் கயிற்றில் சுற்றலாம் என்று இருக்கிறேன். யாருடைய மாடு என்று குன்றக்குடியில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.