ஆங்கில இலக்கிய எம்.ஏ.: அட்மிஷன் வந்துவிட்டது, பணம் வரவில்லை. எங்கே தவறினேன்?

குடமுருட்டி (மார்ச் 24):

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். 2024ல் பி.ஏ. ஆங்கிலம் முடித்தேன். மூன்று வருடப் படிப்பு, 78 சதவீதம், அரியர் கிடையாது. அதன் பிறகு வேலையில் இருக்கிறேன்.

அமெரிக்காவில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு ஆறு இடங்களில் விண்ணப்பித்தேன். கட்டணம், டோஃபல் ஆங்கிலத் தேர்வு என்று அறுபதாயிரத்துக்கு மேல் கரைந்துவிட்டது. இரண்டு இடங்களில் மூன்று வருடப் பட்டம் போதாது என்றார்கள். மூன்று இடங்களில் வழக்கமான வருத்தக் கடிதம். ஓர் இடத்தில் அட்மிஷன் கிடைத்தது. ஆனால் உதவித்தொகை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு வருடத்துக்கு 52,000 டாலர் காட்ட வேண்டுமாம். நம் பணத்துக்கு நாற்பது லட்சத்துக்கு மேல். மே 1க்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

அப்பா, "ஆத்தங்கரை வயலை அடகு வைச்சிடலாம், பொண்ணு படிக்கட்டும்" என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. எம்.ஏ. ஆங்கிலத்துக்குப் பணம் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இறங்கினேன். அது உண்மையா? உண்மையென்றால் எனக்கு ஏன் வரவில்லை?

சோளக்காட்டான்:

முதலில் ஒன்று, வயலில் கை வைக்காதீர்கள். அப்புறம் மூன்று கேள்விகள். எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள்? அசிஸ்டென்ட்ஷிப்புக்குத் தனிப் படிவம் போட்டீர்களா? விண்ணப்பத்தில் "படிப்புச் செலவுக்கு என்ன வழி" என்ற இடத்தில் என்ன குறித்தீர்கள்?

குடமுருட்டி:

பிப்ரவரி 28. அதுதான் கடைசி நாள் என்று போட்டிருந்தது. தனிப் படிவம் இருந்ததே தெரியாது அண்ணா. செலவுக்குக் "குடும்பப் பணம்" என்று குறித்தேன். பணம் கேட்டால் அட்மிஷன் வாய்ப்பு குறையும் என்று கன்சல்டன்சியில் சொன்னார்கள்.

சோளக்காட்டான்:

நினைத்தேன். எஞ்சினியரிங் எம்.எஸ். அனுப்பிப் பழகிய கன்சல்டன்சிகள் எல்லோருக்கும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

நான் இங்கே அமெரிக்காவில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம். ஆங்கிலத் துறையில் எம்.ஏ.வுக்கான பணம் பெரும்பாலும் ஸ்காலர்ஷிப்பாக வருவதில்லை, சம்பளமாக வருகிறது. இளங்கலையில் சேருகிற பிள்ளைகள், கணக்குப் படிப்பவனோ நர்சிங் படிப்பவளோ, கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு ஒன்றை அநேகமாக முதல் வருடமே படிக்க வேண்டும். ஃபர்ஸ்ட் இயர் காம்போசிஷன் என்பார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்க ஆள் வேண்டுமே, அந்த ஆள் நாம்தான். வாரம் 20 மணி நேர வேலை. பதிலுக்கு டியூஷன் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் சம்பளம். டி.ஏ. என்று சொல்வது அதைத்தான். அகவிலைப்படி இல்லை, டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப்!

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரியும். துறைக்கு எத்தனை டி.ஏ. தேவை என்பது ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிவாகிவிடும். அதனால் டி.ஏ.வுக்கு ஒரு கடைசி நாள், வெறும் அட்மிஷனுக்கு வேறொரு கடைசி நாள். நீங்கள் பார்த்தது இரண்டாவதை. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு மண்டபத்துக்குள் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்று, எங்கே விண்ணப்பிப்பது என்பது. பெயர் பெற்ற பெரிய துறைகளில் முனைவர் பட்ட மாணவர்களே வகுப்புகளை எடுத்துவிடுவார்கள். அங்கே எம்.ஏ. மாணவர் பெரும்பாலும் கட்டணம் கட்டுகிறவர். இலக்கியத்தில் பிஎச்.டி. இல்லாத துறைகளில்தான் எம்.ஏ. மாணவருக்கு மதிப்பு. கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் எம்.ஏ.தான் உச்சப் படிப்பு. வர்ஜீனியா டெக்கில் பிஎச்.டி. உண்டு, ஆனால் அது ரெட்டரிக் (வாதக்கலை), எழுத்துப் பயிற்சி சார்ந்தது. இந்த மாதிரி இடங்களாகத் தேடுங்கள். மியாமி பல்கலைக்கழகமும் எம்.ஏ.வுக்கு டி.ஏ. கொடுக்கிற இடம். கடற்கரை என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் இருக்கிறது.

அது சரி, என்ன வேலையில் இருக்கிறீர்கள்?

குடமுருட்டி:

ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அதை எஸ்.ஓ.பி.யில் (ஏன் படிக்க விரும்புகிறேன் என்று சொல்லும் கட்டுரை) எழுதவில்லை. ஏழாயிரம் ரூபாய் சம்பள வேலையைப் போய் அங்கே என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

சோளக்காட்டான்:

அடடா. வகுப்பறையில் நிற்கத்தான் அவர்கள் ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் இரண்டு வருடமாக நிற்கிறீர்கள். அதைப் போய் மறைத்துவிட்டீர்களே! ஏழாம் வகுப்புப் பையன் எழுதிய ஒரு பத்தியை நீங்கள் எப்படித் திருத்துவீர்கள் என்று எழுதினாலே போதும், முதல் பக்கத்தில் வைக்கலாம்.

பழைய வாத்தியார்:

கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். சோளக்காட்டான் தம்பி சொன்னது பாதிக் காரணம். அந்த மூன்று வருத்தக் கடிதங்களுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். அம்மா, ரைட்டிங் சாம்பிளாக, அதாவது உங்கள் எழுத்துக்கு மாதிரியாக, எதை அனுப்பினீர்கள்? பரிந்துரைக் கடிதங்களை யார் எழுதினார்கள்? தயங்காமல் சொல்லுங்கள், இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

குடமுருட்டி:

பி.ஏ. மூன்றாம் வருட பிராஜெக்ட்டை அனுப்பினேன் சார். 62 பக்கம். ஓர் இந்திய எழுத்தாளரின் நாவல் பற்றியது. கேட்டது 15 பக்கம் என்பதால் முதல் 15 பக்கத்தை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினேன்.

கடிதம்... மூன்று பேராசிரியர்களுமே "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார்கள். மூன்றையும் நானே எழுதினேன்.

பழைய வாத்தியார்:

நம் ஊர் பிராஜெக்ட்டின் முதல் 15 பக்கத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். ஆசிரியர் பிறந்த ஊர், அவர் தகப்பனார் பார்த்த உத்தியோகம், வாங்கிய விருதுகள், இந்திய ஆங்கில எழுத்தின் வரலாறு, அப்புறம் கதைச் சுருக்கம். உங்கள் சொந்தக் கருத்து 40ஆம் பக்கத்தில்தான் தலைகாட்டும். தேர்வுக் குழு அதுவரை போகவே இல்லை, போக நீங்கள் வழியும் வைக்கவில்லை.

அவர்கள் தேடுவது ஒன்றைத்தான். ஒரு பத்தியை எடுத்து, அதில் மற்றவர் கண்ணில் படாத ஒன்றைப் பார்த்து, அதை வாதமாக்க இந்தப் பெண்ணுக்குத் தெரிகிறதா? அந்த நாவலில் உங்களை உறுத்திய ஒரு காட்சியைச் சொல்லுங்கள். சுருக்கம் வேண்டாம், ஒரே ஒரு காட்சி.

குடமுருட்டி:

கதாநாயகி கணவன் வீட்டில் எப்போது பேசினாலும் அடுக்களை வாசற்படியில் நின்றுதான் பேசுவாள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவாள். அப்போது அவள் பேசும் வாக்கியங்களும் நீளமாகிவிடும். முன்பெல்லாம் இரண்டு, மூன்று சொல்தான். இது பிராஜெக்ட்டில் ஒரு வரியாக வந்து போகும் சார்.

பழைய வாத்தியார்:

அதுதான் உங்கள் சாம்பிள்! வாசற்படியும் வாக்கிய நீளமும். 62 பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் 14, 15 பக்கத்துக்கு எழுதுங்கள். வாசற்படிக் காட்சிகள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்து, எங்கே அவள் வாக்கியம் முறிகிறது, எங்கே முடிகிறது என்று பாருங்கள். உங்கள் கருத்துக்கு எதிராகப் போகும் ஒரு காட்சி நிச்சயம் இருக்கும், அதை ஒளிக்காதீர்கள். மேற்கோள் முறைக்கு எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு, 2021ல் வந்தது. எழுதி முடித்ததும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கடிதத்துக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் "நீயே எழுதிட்டு வா" என்று சொன்னவன்தான். வேலைப் பளு, வேறென்ன. ஆனால் ஒரே ஆள் எழுதிய மூன்று கடிதம் ஒரே குரலில்தான் பேசும். அதிலும் நாம் எழுதுவது "நல்லொழுக்கம் உடையவர், நேரம் தவறாதவர், பெரியோரிடம் மரியாதை உள்ளவர்" என்று ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல இருக்கும். அடுத்த முறை கடிதத்தை எழுதிக் கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கக் குறிப்பு கொண்டு போங்கள்: எந்த வகுப்பில் என்ன கட்டுரை எழுதினேன், நீங்கள் அதில் என்ன குறை சொன்னீர்கள், எப்படித் திருத்தினேன். கூடவே புதிய சாம்பிளையும் கொடுங்கள். மூவரில் ஒருவராவது உட்கார்ந்து எழுதுவார். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து பதிவேற்றச் சொல்லுங்கள், ஜிமெயில் என்றால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள்.

ரேங்க்_புலி:

ஜி.ஆர்.இ. இலக்கியப் பாடத் தேர்வு எழுதினீர்களா? அது இல்லாமல் ஃபண்டிங் வராது.

சோளக்காட்டான்:

நண்பரே, அந்தத் தேர்வையே 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். பழைய பிளாக் எதையோ படித்திருக்கிறீர்கள். பொது ஜி.ஆர்.இ.யையும் பல ஆங்கிலத் துறைகள் இப்போது கேட்பதில்லை. டி.ஏ.வுக்கு முக்கியம் டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் பேச்சுப் பகுதி மதிப்பெண். மொத்த மதிப்பெண் நன்றாக இருந்தும் பேச்சுப் பகுதியில் ஒரு படி குறைந்து டி.ஏ.வை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ரேங்க்_புலி:

சரி, தப்புதான். ஃபுல்பிரைட் உதவித்தொகை?

தேம்ஸ் மீன்:

ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும்தான், ஆங்கில இலக்கியம் அதில் இல்லை. மூன்று வருட வேலை அனுபவமும் கேட்பார்கள்.

இங்கிலாந்துப் பக்கம் சொல்கிறேன். மூன்று வருடப் பட்டம் இங்கே பிரச்சினையே இல்லை, அவர்கள் பட்டமும் மூன்று வருடம்தான். ஆனால் எம்.ஏ. மாணவருக்கு டி.ஏ. வேலை என்ற வழி இங்கே கிடையாது. பணம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களில்தான் இருக்கிறது. ஃபெலிக்ஸ் உதவித்தொகை இந்திய மாணவர்களுக்கு உண்டு, ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டனில் உள்ள எஸ்.ஓ.ஏ.எஸ். மூன்று பல்கலைக்கழகங்களிலும். ஆக்ஸ்ஃபோர்டில் கிளாரெண்டன் உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் கிடையாது, டிசம்பர் அல்லது ஜனவரிக் கெடுவுக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தாலே பரிசீலிப்பார்கள். செவெனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், உங்கள் பள்ளி வேலை அதற்கு உதவும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். போட்டி மூச்சு முட்டும். அமெரிக்க டி.ஏ.வோடு ஒப்பிட்டால் இது லாட்டரிக்குப் பக்கத்து வீடு, பொய் சொல்ல விரும்பவில்லை.

உறைபனி:

கனடா பற்றி ஒரே எச்சரிக்கை. சி.ஜி.ஆர்.எஸ்.-எம். (முன்பு சி.ஜி.எஸ்.-எம்.) என்ற அரசு உதவித்தொகை பெரிய தொகையாகக் கண்ணில் படும். அது அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றோர் போன்றவர்களுக்குத்தான். நமக்குத் துறை கொடுக்கும் டி.ஏ. பணம்தான். அதிலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் போக மிச்சம் என்ன என்று கழித்துப் பாருங்கள்.

வெட்டிக்காடு:

எல்லோரும் கோபப்படக் கூடாது. எதற்கு இப்போதே வெளிநாட்டு எம்.ஏ.? திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலிருந்து பஸ் தூரம். க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதி எம்.ஏ. ஆங்கிலம் சேருங்கள், கட்டணம் சொற்பம். மூன்றும் இரண்டும் ஐந்து, மூன்று வருடப் பட்டம் என்ற முட்டுக்கட்டை போய்விடும். அதன் பிறகு நேரே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், அமெரிக்காவில் ஐந்து வருடம் பணம் தருகிற இடங்கள் நிறைய.

சோளக்காட்டான்:

கோபமில்லை, நல்ல வழிதான். இரண்டையும் சேர்த்தே வைத்துக் கொள்ளலாம். ஆனால் கையில் இருக்கும் அட்மிஷனை முதலில் பார்ப்போம். அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுத வேண்டாம், துறையின் முதுகலைப் படிப்புகளைக் கவனிக்கும் டைரக்டர் ஆஃப் கிராஜுவேட் ஸ்டடீஸுக்கு எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். பள்ளியில் கற்பிக்கிறேன், டி.ஏ. இல்லாமல் வர இயலாது, காத்திருப்புப் பட்டியலில் சேர்க்க முடியுமா, இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்து டி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாமா?

ஏப்ரல் 15ஐ நினைவில் வையுங்கள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் அதுவரை முடிவு சொல்லத் தேவையில்லை என்று இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இரண்டு, மூன்று இடம் கிடைத்தவர்கள் கடைசி நேரத்தில்தான் விடுவார்கள், அப்போது சில டி.ஏ. இடங்கள் காலியாகும்.

டி.ஏ. கிடைத்தாலும் சில கணக்குகள் உண்டு. டியூஷன் தள்ளுபடி என்றால் எல்லாக் கட்டணமும் தள்ளுபடி என்று அர்த்தமில்லை, ஃபீஸ் என்று தனியாக ஒன்று வரும். சம்பளம் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்குத்தான், கோடைக்கு நாமே பார்த்துக் கொள்ள வேண்டும். ஆகஸ்டில் இறங்கினால் எனக்கு முதல் சம்பளம் வந்தது செப்டம்பர் கடைசியில். அமெரிக்காவின் தென் மாநிலம் என்றால், தனியாக வகுப்பெடுக்க 18 கிரெடிட் முதுகலைப் பாடம் முடித்திருக்க வேண்டும் என்று அங்கீகார அமைப்பின் விதி இருக்கிறது. அதனால் முதல் வருடம், மாணவர்களின் கட்டுரைகளுக்கு உதவும் ரைட்டிங் சென்டரில் உட்கார வைப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

குடமுருட்டி (ஏப்ரல் 19):

பதில் வந்துவிட்டது. இந்த வருட டி.ஏ. இடங்கள் நிரம்பிவிட்டனவாம். அட்மிஷனை ஒரு வருடம் தள்ளி வைக்கலாம், ஜனவரி 15க்குள் டி.ஏ. படிவமும் புதிய சாம்பிளும் அனுப்பினால் மற்றவர்களோடு சேர்த்துப் பரிசீலிப்போம் என்கிறார்கள். உறுதி எதுவும் தரவில்லை.

சோளக்காட்டான்:

எழுத்தில் வாங்கிவிட்டீர்கள், அது போதும். முன்பணம் கட்டாதீர்கள். தள்ளி வைக்கக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிப்பதே மலிவு. இன்னும் நான்கு இடம் சேர்த்துக் கொள்ளுங்கள். கட்டணம் கட்டும் முன் மூன்று வருடப் பட்டம் ஏற்பார்களா, கட்டண விலக்கு உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

குடமுருட்டி (மே 30):

பழைய வாத்தியார் சாருக்குத் தனிமடலில் சாம்பிள் அனுப்பியிருக்கிறேன். 14 பக்கம். ஆசிரியர் பிறந்த ஊர் அதில் இல்லை. வயலில் அப்பா குறுவைக்கு உழுதுகொண்டிருக்கிறார்.