படத்தில் கற்றதைச் செய்துபார்த்தபோது

நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்:

நல்ல படங்களிலிருந்து பெற்ற பாடத்தை எழுதச் சொன்னால், நம்மில் பலர் மனத்தைத் தொட்ட வசனம் ஒன்றை எடுத்தெழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் பாடத்தைப் பேருந்திலோ உறவினர் வீட்டிலோ செய்துபார்த்தபோது என்ன நடந்தது என்பதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. என் அனுபவம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியதன்று. இருந்தாலும் அதையே முதலில் வைக்கிறேன்.

2024 செப்டம்பரில் சி. பிரேம்குமார் இயக்கத்தில் ‘மெய்யழகன்’ வெளிவந்தபோது, கதை எங்கள் ஊரில் நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தஞ்சாவூர் போய்ப் பார்த்தேன். சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்து 1996-இல் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பத்தின் பிள்ளை அருள்மொழி, 22 ஆண்டுகள் கழித்துத் தங்கை முறையாகும் பெண்ணின் திருமணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான்’ என்று அழைத்தபடி அவரை விட்டு நகராமல் உபசரிக்கும் உறவினர் ஒருவரின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு அந்த மனிதரின் வீட்டிலேயே தங்கும் இரவில்தான், தாங்கள் ஊரை விட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் ஒன்று அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று அறிகிறார். பெயர்கூடத் தெரியாமல் இத்தனை அன்பை வாங்கிக்கொண்டோமே என்ற வெட்கம் தாங்காமல், விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்.

என்னுடன் பார்த்த நண்பர்கள், இது நன்றி மறவாமையைச் சொல்லும் படம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சைக்கிளை யாரும் கொடுக்கவில்லை, அது விட்டுப்போனது. கொடுத்தவனுக்கே தெரியாத ஒன்றுக்கு நன்றி சொல்லப்படும்போது, அதை ஏற்றுக்கொள்ளத் தகுதியுண்டா என்று தடுமாறுகிறவன்தான் என் கண்ணுக்குத் தெரிந்தான். வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடக் காட்சிகளைக் குறைத்தார்கள். இரவுப் பேச்சு நீளம் என்று குறை சொன்னவர்கள், கல்யாணத்துக்கு முந்தைய இரவில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பேசும் எங்கள் ஊர் ஆட்களுடன் ஒருநாளும் இருந்ததில்லை போலும்.

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 30 ஆண்டுகளாகக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வந்து நின்ற முகங்களெல்லாம் வெளியில் என்னை நலம் விசாரிக்கும். பெயர் எதுவும் நினைவில் இருக்காது. ‘வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? பிள்ளை இப்போது எங்கே?’ என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டே எத்தனையோ சந்திப்புகளைச் சமாளித்திருக்கிறேன். படம் பார்த்த பின்பு, இனி அப்படி நடிப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

தீர்மானத்துக்குச் சோதனை அடுத்த மாதமே வந்தது. தஞ்சாவூரிலிருந்து திரும்பும் பேருந்தில் சாலியமங்கலத்தில் ஏறிய ஒருவர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் மகளைப் பெயர் சொல்லி விசாரித்தார், மனைவியின் முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்டார், நான் தடுத்தும் கேளாமல் எனக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு வாங்கினார். அம்மாப்பேட்டை தாண்டும்வரை என் பழைய கேள்விகளை வைத்தே ஒப்பேற்றினேன். அதற்கு மேல் முடியாமல், ‘தப்பாக நினைக்கக் கூடாது, முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை’ என்று சொல்லிவிட்டேன்.

படத்தில், பெயர் தெரியாததை அருள்மொழி பின்னர் ஒப்புக்கொண்ட பிறகு உறவு இன்னும் நெருக்கமாகிறது. பேருந்திலோ அவர் முகம் சுருங்கியது. ‘பேர் தெரியாமலா சார் இவ்வளவு நேரம் பேசினீங்க?’ என்று மட்டும் கேட்டார். என் மகள் திருமணத்துக்குப் பந்தல் போட்டவர் அவர். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு பெய்த மழையில் சரிந்த கீற்றுகளை, விடிய விடிய நின்று தானே மாற்றிக் கட்டியவர். அவர் நினைவுபடுத்திய பிறகுதான் அந்த இரவே எனக்குத் திரும்பி வந்தது. பெயரைச் சொல்லிவிட்டுக் கோவில்வெண்ணியில் இறங்கிப் போனார். கரிகாலனிடம் தோற்று, முதுகில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விட்ட சேரனையே, வென்றவனைவிட நல்லவன் என்று சங்கப் புலவர் வெண்ணிக்குயத்தியார் பாடியது அந்த ஊர்ப் போரைத்தான். எனக்கு வந்த நாணத்தைப் பாட யாருக்கும் காரணம் இல்லை.

படத்தின் மீது என் குறை இதுதான். மறக்கப்பட்டவரை அவ்வளவு நல்லவராகப் படைத்துவிட்டதால், மறந்தவனுக்கு மன்னிப்பு எளிதாகக் கிடைத்துவிடுகிறது. மறக்கப்பட்டவருக்கு உண்டாகும் காயத்தைப் படம் தொடாமல் போய்விட்டது. சில வாரங்கள் கழித்து, அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் அவர் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, சாலையிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து ‘வாங்க சார்’ என்றார். பிறகு மறுபடியும் குழியில் மண் தள்ளத் தொடங்கினார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து இன்னொரு வாசகர்:

நீடாமங்கலத்து ஐயா எழுதியதைப் படித்ததும், நானும் பாடத்தைத் தவறான இடத்தில் பயன்படுத்தியது நினைவுக்கு வந்தது. 2022-இல் மணிகண்டன் இயக்கி வெளிவந்த ‘கடைசி விவசாயி’யை அப்பாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். குலதெய்வ வழிபாட்டுக்குப் புது நெல் வேண்டும். ஊரில் இன்னும் பயிர் செய்கிறவர் மாயாண்டி என்ற முதியவர்தான். இறந்துகிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, அவரே கொன்றதாக வழக்குப் போட்டுச் சிறையில் வைத்துவிடுகிறார்கள். பயிர் வாடுமே என்று அவர் தவிப்பதைக் கண்டு, தினமும் போய்த் தண்ணீர் ஊற்றும்படி நீதிபதி ஒரு காவலருக்கு உத்தரவிடுகிறார். திரையரங்கில் அந்தக் காட்சிக்குச் சிரித்திருப்பார்கள். அப்பா சிரிக்கவில்லை. ‘தண்ணி ஊத்திடுவான், பூச்சி விழுந்திருக்கான்னு எவன் குனிஞ்சு பார்ப்பான்?’ என்றார். அவர் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்தில் சம்பா போடுகிறவர். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது என்று சொல்லிவிட்டால், நெல்லைத் திரும்பக் களத்தில் கொட்டிக் காயவைத்து, பனியில் இரவெல்லாம் தார்ப்பாய் போட்டுக் காவல் கிடப்பார். பயிரின் நாள்கணக்கும் அலுவலகத்தின் நாள்கணக்கும் வேறு வேறு என்பதை அந்தப் படம் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அப்பா வாழ்நாள் முழுவதும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறார்.

மனுக்கள் மீது விசாரணைக்கு நாள் குறிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். படம் பார்த்த பிறகு, தை மாதத்தில் யாருக்கு நாள் குறித்தாலும் அறுப்பு நேரமா என்று விசாரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒருமுறை ஒரு பெரியவருக்குக் கேட்காமலேயே, அறுப்பாக இருக்கும் என்று நானாக எண்ணி மேலதிகாரியிடம் சொல்லி இரண்டு வாரம் தள்ளி வைத்தேன். வந்து நின்றவர் கோபத்தில் நடுங்கினார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம். மகனுடன் திருப்பூரில் தங்கி ஒரு பனியன் கம்பெனியில் காவலாளியாக இருக்கிறாராம். ‘இந்தத் தேதிக்குன்னுதாம்மா லீவு போட்டு வந்தேன்’ என்றார். டெல்டாவில் வேட்டி கட்டிய முதியவரெல்லாம் மாயாண்டிதான் என்று நான் எண்ணிக்கொண்டது படத்தின் பிழையன்று. அன்றே அவரை விசாரிக்கும்படி மேலதிகாரியிடம் மன்றாடி, மாலை நான்கு மணிக்கு முடித்துக் கொடுத்தேன். இப்போதும் கேட்கிறேன், ஆனால் ‘எந்த நாள் வசதிப்படும்?’ என்று மட்டும்.

கும்பகோணத்திலிருந்து மற்றொரு வாசகர்:

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டத் தொடங்குமுன் என் மனைவி, பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். 1988-இல் வந்த படம். கடன் வாங்கி வீடு கட்டும் அர்ச்சனா படும் பாட்டைப் பார்த்துவிட்டு, சிமெண்ட் மூட்டையைத் தினமும் மாலையில் எண்ண வேண்டும் என்பதை நான் பாடமாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாளே கொத்தனார் ரோஷப்பட்டு வேலையை நிறுத்திவிட்டார். நான்கு நாள் கழித்து, சித்தாள் அக்கா ஒருவர்தான் எண்ணிக்கையில் குறைந்த இரண்டு மூட்டைகளும் மழையில் நனைந்து கட்டிதட்டிப் போனதால் ஓரமாகக் கிடக்கின்றன என்று கொல்லைப்புறம் அழைத்துப் போய்க் காட்டினார். கொத்தனார் வீட்டுக்கு வெற்றிலை பாக்குடன் போய் அழைத்து வந்தோம்.

அந்தப் படத்தில், சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழுந்த வீட்டைத் தனியே பார்க்க வருவார். அதை மனத்தில் வைத்து, தளம் போடுமுன்பே என் அப்பாவை அழைத்துப் போனேன். சுவரைத் தொட்டுப் பார்ப்பார், கண் கலங்குவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.