பால் பைத்தானுக்கு அடியில் என்ன விரிப்பது: தினத்தாளா, தேங்காய் நார்த்தூளா?

இரண்டாம் கட்டு, பள்ளத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டரை வயதுப் பெண் பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) இருக்கிறது. எடை 940 கிராம். வெளிநாடு போன தோழி கொடுத்துவிட்டுப் போனது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் என் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்துவிட்டேன். மூன்றடிக்கு ஒன்றரை அடி கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, அடியில் தினத்தாள். சென்னையில் இருந்தவரை ஒரே துண்டாகச் சட்டை உரித்ததாம். இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. மாசியில் உரித்த சட்டை ஏழெட்டுத் துண்டாகக் கிழிந்து வந்தது. இடது கண்மேல் பழைய தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது.

எங்களுடையது பழைய வீடு. தொட்டி இரண்டாம் கட்டு அறையில், ஆத்தங்குடிக் கல் தரைமேல் இருக்கிறது. மதியம் தொட்டிக்குள் ஈரப்பதம் 38 சதவீதம் காட்டுகிறது. தினத்தாளை எடுத்துவிட்டு வேறு என்ன போடலாம்? அப்பத்தா உமி போடச் சொல்கிறார்கள். கடையில் கேட்டால் மணல் என்கிறார்கள். வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பேராவூரணித் தோப்பு

தங்கச்சி, 38 சதவீதம் என்றால் பாம்பு காய்ந்துகொண்டிருக்கிறது. பால் பைத்தானுக்கு 60 வேண்டும். சட்டை உரிக்கும் நாட்களில் 70 வரை போகலாம். தினத்தாள் ஈரத்தைப் பிடித்து வைக்காது. தேங்காய் நார்த்தூளுக்கு மாறுங்கள், கோகோபீட் என்று கேட்டால் எந்த நர்சரியிலும் கிடைக்கும்.

இது பிறந்த மண் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளி. அதுவும் கோடையில் வறண்டுதான் கிடக்கும். ஆனால் இந்தப் பாம்பு வெயிலில் கிடப்பதில்லை. பகல் முழுக்க எலி வளையிலும் கரையான் புற்றிலும் சுருண்டிருக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை அங்கேயும் அப்படியே உண்மை. புற்றுக்குள் வெளியைவிட ஈரம் கூடுதல், சூடு குறைவு. நாலு அங்குலம் நார்த்தூள் போட்டால் அந்தப் புற்றில் ஒரு பங்கையாவது கொடுத்ததாகும்.

5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் 70 லிட்டருக்கு மேல் உப்பும். உங்கள் தொட்டிக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். கழுவிய தூளா என்று கேட்டு வாங்குங்கள். மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்த தூளில் உப்பு ஏறியிருக்கும், அது செடிக்கே ஆகாது. வாங்கிய பிறகும் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிடுங்கள். பதம் எப்படியென்றால் புட்டுக்கு மாவு பிசிறுவதுபோல: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டவே கூடாது.

கோட்டையூரான்

புற்றுக் கதை வரைக்கும் தோப்பு அண்ணன் சொல்வது சரி. அதற்கு மேல் எனக்கு உடன்பாடு இல்லை. நான் ஒன்பது வருடமாக வளர்க்கிறேன். இப்போது என் வீட்டில் எல்லாத் தொட்டியிலும் தினத்தாள்தான். காரணம் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு விற்பனையாளரிடம் கார்ன் ஸ்னேக் (நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு) குட்டி வாங்கினேன். அழகாக இருக்கட்டும் என்று வந்த அன்றே நார்த்தூளில் விட்டேன். அது உடம்பில் சிற்றுண்ணியோடு வந்திருக்கிறது. கடுகில் கால்வாசி அளவு கரும்புள்ளி. கருப்பழுப்புத் தூளில் அது கண்ணுக்குத் தெரியுமா? தண்ணீர்க் கிண்ணத்தில் செத்து மிதந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பக்கத்துத் தொட்டிக்கும் பரவிவிட்டது. தூளுக்குள் முட்டையிட்டு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை கிளம்பும். இரண்டு மாதம் போராடினேன், குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளைத் தாளில் விட்டிருந்தால் முதல் வாரமே பார்த்திருப்பேன். எச்சம் எப்படி இருக்கிறது, இரையைக் கக்கியிருக்கிறதா, ரத்தம் படிந்திருக்கிறதா, எல்லாம் தாளில் தெரியும். தூளில் எல்லாம் மறைந்துவிடும்.

ஈரம்தான் பிரச்சினை என்றால் ஈரத்தைக் கொடுங்கள், மண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பாம்பு நுழைகிற அளவு ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, உள்ளே நனைத்துப் பிழிந்த துண்டையோ ஸ்பாக்னம் பாசியையோ (நர்சரியில் விற்கும் மாஸ்) வையுங்கள். வலை மூடியில் முக்கால் பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள். உங்கள் ஈரமெல்லாம் அந்த வலை வழியாகத்தான் போகிறது. அதை மூடாமல் அடியில் எதை விரித்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான்.

புதுவயல் மில்

எங்கள் ஊரில் அரிசி ஆலைகள் நிறைய. உமி மலைபோலக் கிடக்கிறது. கோழிப் பண்ணைகளில் அதைத்தானே விரிக்கிறார்கள்? அப்பத்தா சொன்னது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

தேவகோட்டை கால்நடை

நான் கால்நடை மருத்துவர். நாய், பூனையோடு கிளி, ஆமை, பாம்பும் பார்க்கிறேன். உமி வேண்டாம். அதில் சிலிக்கா அதிகம், முனை கூர்மை. கோழி காலால் நடக்கிறது, பாம்போ வயிற்றால் ஊர்கிறது. உமித்தூசு மூச்சுக்குள்ளும் போகும். பாம்புக்கு நம்மைப்போல இருமிக் கழிக்க வழி இல்லை. நெஞ்சில் சளி கட்டினால் வாயைத் திறந்து மூச்சு விடும், மூக்கில் குமிழி வரும், அந்த நிலையில்தான் என்னிடம் கொண்டு வருகிறார்கள். உமியில் ஒளிந்திருக்கும் நெல்லுக்கு வண்டும் வரும். வைக்கோல் நனைந்தால் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். கடைக்காரர் சொன்ன மணலும் வேண்டாம். அது ஈரம் தாங்காது, இரையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கலாம்.

கண்மேல் ஒட்டிய தோலைத் தயவுசெய்து கிள்ளவோ, இடுக்கியால் பிடிக்கவோ, ஒட்டும் டேப் வைத்து இழுக்கவோ செய்யாதீர்கள். அடியில் இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து வந்தால் கண்ணே போய்விடும். ஈரத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடுத்த உரிப்பில் தானாக வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் கொண்டு வாருங்கள்.

புதுவயல் மில்

நன்றி டாக்டர். உமியில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஆசாரி மகன், காரைக்குடி

எங்கள் பட்டறையில் தேக்கு இழைத்த சுருள் மூட்டை மூட்டையாக இருக்கிறது. வெளிநாட்டில் ஆஸ்பென் மரச்சுருள் போடுகிறார்களே, அதற்குப் பதிலாக இதைப் போடலாம் இல்லையா? காசு வேண்டாம், வந்து அள்ளிக்கொள்ளலாம்.

பேராவூரணித் தோப்பு

மனசுக்கு நன்றி தம்பி, ஆனால் வேண்டாம். ஆஸ்பெனைத் தேர்ந்தெடுத்ததே அதில் வாசனை எண்ணெய் இல்லை என்பதால்தான். தேக்கில் அது இருக்கிறது. தேக்குத் தூசு பட்டுத் தோல் அரித்துப்போன ஆசாரிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். பட்டறைச் சுருளில் எந்த மரம் எவ்வளவு கலந்திருக்கிறது, எந்தப் பலகைக்குச் செல் மருந்து அடித்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சிடாரும் பச்சைப் பைனும் பாம்புக்கு நஞ்சு. பார்சல் பெட்டிப் பலகை பெரும்பாலும் பைன்தான்.

கோட்டையூரான்

இதில் நான் அண்ணன் பக்கம். நல்ல ஆஸ்பென்கூட பால் பைத்தானுக்குச் சரிவராது. கார்ன் ஸ்னேக்குக்கு அருமையானது, ஆனால் ஈரம் பட்டால் பூசணம்.

பேராவூரணித் தோப்பு

அப்புறம் தம்பி கோட்டையூரான், உங்கள் குட்டி போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் பழியை நார்த்தூள்மேல் போடுகிறீர்கள். புதிதாக வந்ததைத் தனி அறையில் ஒன்றிரண்டு மாதம் வைத்துப் பார்த்திருந்தால் பக்கத்துத் தொட்டிக்குப் பரவியிருக்காது. அந்த ஒன்றிரண்டு மாதம் தாளில் வையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். இந்தப் பாம்பு நாலு மாதமாகத் தாளிலேயே இருக்கிறது. உண்ணி இருந்தால் இதற்குள் தெரிந்திருக்காதா?

ஈர டப்பாவில் எனக்கு ஒரு குறை உண்டு. பாம்புக்குப் பயம் இருந்தால் டப்பாவை விட்டு வெளியே வராது. ஈரத் துண்டிலேயே ஒரு வாரம் கிடந்தால் வயிற்றுச் செதில் வெந்துபோகும். வெளியே வந்தால் தொட்டி 38 சதவீதத்தில் காய்கிறது. ஈரமா பாதுகாப்பா என்று பாம்பைத் தேர்ந்தெடுக்க வைக்கிறீர்கள். தூளில் அந்தச் சிக்கல் இல்லை, எங்கே சுருண்டாலும் ஈரம் ஒன்றுதான். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே ஈரமாக இருக்கும். மூலையில் தண்ணீர் ஊற்றி அடியில் இறங்க விடணும், மேலே தெளிக்கக் கூடாது.

கோட்டையூரான்

நாலு மாதமாக உண்ணி இல்லை என்பது சரிதான், அந்த ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணே, நீங்கள் பங்குனியை மட்டும் பார்த்துப் பேசுகிறீர்கள். செட்டிநாட்டில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும்? சுண்ணாம்புச் சுவரே நீர்த்துப்போகும், முற்றத்தில் காயப்போட்ட துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. அப்போது அறைக்குள்ளேயே 80க்கு மேல் இருக்கும். நாலு அங்குலத் தூள் அந்த ஈரத்தைக் குடித்துச் சேறாகும். செதில் அழுகல் வருவது அப்போதுதான். பழுப்புப் புள்ளியாக ஆரம்பித்துக் கொப்புளமாகும். வயிற்றைத் திருப்பிப் பார்க்காதவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

சூட்டையும் யோசியுங்கள். அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடு தரும் விரிப்பு) வைத்து மேலே நாலு அங்குலம் தூள் போட்டால் சூடு மேலே வராது. சூட்டைத் தேடிப் பாம்பு தோண்டிக்கொண்டு கண்ணாடி வரை போகும். அங்கே வயிறு வெந்துவிடும். இதையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

கண்டனூர்

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் கொல்லையில் மண்ணுளிப் பாம்பு ஒன்று அடிக்கடி வருகிறது. அதைப் பிடித்து மணல் போட்டு வளர்க்கலாமா?

தேவகோட்டை கால்நடை

கூடாது. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களில் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றையும் 2024 விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும், பள்ளத்தூர்க்காரர் செய்திருப்பதுபோல. மண்ணுளியை இரட்டைத் தலைப் பாம்பு என்று சொல்லிக் கடத்துகிற கும்பல்கள் உண்டு. அது கொல்லையில் எலி பிடித்துக்கொண்டு இருக்கட்டும், யாரிடமும் காட்டிக்கொடுக்காதீர்கள்.

இரண்டாம் கட்டு

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. ஹீட் மேட் இருக்கிறது, ஆனால் அறையே மதியம் 34 டிகிரி வருவதால் பங்குனி பிறந்ததும் அணைத்துவிட்டேன். எறும்புக்கு என்ன செய்வது? அம்மா தொட்டிக்குக் கீழே அந்துருண்டை போடலாம் என்கிறார்கள்.

தேவகோட்டை கால்நடை

அந்துருண்டையை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், அதன் ஆவி பாம்புக்கு நஞ்சு. பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே முறைதான். தொட்டியை ஒரு ஸ்டாண்டில் வைத்து நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

மேட்டை அணைத்தது சரி. உங்களுக்கு இப்போது சூடு குறை இல்லை, குளிர்ந்த பக்கம்தான் குறை. ஒரு பக்கம் 31, 32 இருந்தால் மறுபக்கம் 26, 27 வேண்டும். 35க்கு மேல் நீடித்தால் ஆபத்து. ஈரத் தூள் ஆவியாகும்போது அந்தப் பக்கம் இரண்டு டிகிரியாவது இறங்கும். அதனால் இந்தப் பாம்புக்கு, இந்த மாதத்துக்கு, நான் நார்த்தூள் என்றுதான் சொல்வேன். நோய்ப்பட்ட பாம்புக்கும் புதிதாக வந்ததற்கும் தாள்தான். மூடியை மூடச் சொன்ன கோட்டையூராரின் யோசனையை முதலில் செய்யுங்கள், காற்றுக்குக் கால் பங்கு விட்டுவிட்டு. மார்கழியில் மேட்டை மறுபடி போடும்போது தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) இல்லாமல் போடக் கூடாது, மேட் இருக்கும் பக்கம் தூள் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

கோட்டையூரான்

டாக்டர் சொன்னால் மறுக்கவில்லை. ஆனாலும் மூடியை மட்டும் மூடி ஒரு வாரம் அளந்து பாருங்கள், அப்புறம் தூளைப் பற்றி யோசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டாம் கட்டு

சித்திரை முடிகிறது, நடந்ததைச் சொல்ல வந்தேன். முதலில் கோட்டையூர் அண்ணன் சொன்னபடி தாளை மாற்றாமல் மூடியை மட்டும் முக்கால் பங்கு மூடினேன். மதியம் 38 இருந்தது 49 ஆனது. ஈர டப்பாவும் வைத்தேன். ஐந்து நாள் அது டப்பாவை விட்டு வெளியே வரவே இல்லை. தோப்பு அண்ணன் பயந்தது அப்படியே நடந்தது, டப்பாவை எடுத்துவிட்டேன். பிறகு கழுவிய நார்த்தூளை மூன்று தடவை வடித்து, நாலு அங்குலம் போட்டேன். இப்போது மதியம் 61, இரவு 68. குளிர்ந்த பக்கம் 28க்கு வந்திருக்கிறது.

இரை வைக்கும்போது எலியில் தூள் ஒட்டியது. கொல்லையில் கிடந்த பழைய ஆத்தங்குடிக் கல் ஒன்றைக் கழுவி உள்ளே வைத்து, அதன்மேல் கொடுக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கல்மேலேயே படுத்துக்கொள்கிறது.

நேற்று விடிகாலை சட்டை உரித்தது, மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கண்மேல் இருந்த வில்லைத் தோலும் அதில் இருக்கின்றன. இடது பக்கம் மட்டும் இரண்டு அடுக்காக இருக்கிறது. பழையதும் சேர்ந்தே வந்துவிட்டது.

கோட்டையூரான்

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. ஐப்பசி பிறந்ததும் தூளை ஒரு அங்குலமாகக் குறையுங்கள், வாரம் ஒரு தடவை வயிற்றைத் திருப்பிப் பார்த்துப் படம் போடுங்கள். ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் அன்றைக்கே தாளுக்கு மாற்றிவிட வேண்டும்.

பேராவூரணித் தோப்பு

ஒரு அங்குலம் போதாது, இரண்டாவது இருக்கட்டும். மழைக்காலத்தில் மூடியைத் திறந்துவிட்டால் தூள் தானாகக் காயும். வயிற்றுப் படத்தை எனக்கும் காட்டுங்கள்.