கமிட் மெசேஜில் ஓர் ஒழுங்கு கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
எங்கள் குழுவில் ஐந்து பேர். கிட் லாகைத் (கோடில் சேமித்த ஒவ்வொரு மாற்றத்தையும், அதாவது கமிட்டை, அதன் குறிப்போடு காட்டும் பட்டியல்) திறந்தால் "அப்டேட்", "சரிசெய்தேன்", "இப்போதாவது ஓடணும்" என்றுதான் வரிசையாக இருக்கிறது, போன வாரம் ஒரு பிழை எங்கே நுழைந்தது என்று தேடவே அரை நாள் போய்விட்டது. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

பதில் 1:
முதல் வரி சுமார் 50 எழுத்துக்குள், அடுத்து ஒரு வெற்று வரி, அப்புறம் விளக்கம். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால் கமிட்டுக்கு ஒரே வரி காட்டும் ஒன்லைன் லாகில் தலைப்பும் விளக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்.

பதில் 2:
நீளமெல்லாம் சரி, ஆனால் என்ன மாறியது என்பதை டிஃப்பே (பழைய, புதிய வரிகளின் ஒப்பீடு) காட்டிவிடும், ஏன் மாற்றினீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். "டைம்அவுட்டை 30 விநாடியாக்கு" என்று தலைப்பு வைத்து, பெரிய கோப்புகளை ஏற்றும்போது 10 விநாடியில் இணைப்பு அறுந்தது என்று கீழே எழுதினால், ஆறு மாதம் கழித்து பிளேம் போட்டு, எந்த வரியை யார் எந்த கமிட்டில் மாற்றினார் என்று பார்ப்பவர் (பெரும்பாலும் நீங்களேதான்) திட்டமாட்டார். தலைப்பில் "மற்றும்" வருகிறதா, அநேகமாக அது இரண்டு கமிட்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பழைய மெசேஜ்களைத் திருத்தலாமா?

பதில் 1:
கடைசி கமிட் மட்டும் என்றால் அமெண்ட் போதும். புஷ் செய்து குழுவின் பொது சர்வருக்கு அனுப்பியாயிற்றா? தொடாதீர்கள், கமிட்டின் அடையாளமான ஹாஷ் மாறிவிடும், பழையதை எடுத்து வைத்திருக்கும் மற்ற நாலு பேர் பாடு திண்டாட்டம்.