"ஊதுங்க சார்": குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்களின் அனுபவங்கள்

பல்லாவரத்துக்காரர்:

நண்பனின் தங்கை ரிசப்ஷன். இரண்டு பெக், நாலு கிலோமீட்டர் தூரத்தில் வீடு. ராத்திரி பதினொன்றரைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் தடுப்பு போட்டு நிறுத்தினார்கள். எஸ்.ஐ. மெஷினை நீட்டி "ஊதுங்க சார்" என்றார். ஊதுவது மாதிரி மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். "இழுக்காதீங்க, ஊதுங்க" என்றார். கோபம்கூட இல்லை, என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ! 78 வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே கேஸ். பழைய பஸ் டிக்கெட் அளவில் ஒரு சீட்டு வெளியே வந்தது. கையெழுத்துப் போட்டேன். பைக் ஸ்டேஷனுக்கு, நான் ஆட்டோவில் வீட்டுக்கு.

ஹெல்மெட் அபராதம் மாதிரி போனிலேயே கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவில் அது நடக்காது. போலீஸே பணம் வாங்கி முடிக்கக்கூடிய குற்றம் இல்லை இது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வரிசையில் நின்றேன், பெயரைக் கூப்பிட்டார்கள், "ஒத்துக்கறீங்களா?" என்றார்கள், "ஆமாங்க ஐயா" என்றேன், 10,000 ரூபாய் கட்டினேன். மொத்தமே மூன்று நிமிடம். வெளியே டீக்கடையில் நிற்கும்போதுதான் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "இது ஃபைன் இல்லை தம்பி, தண்டனை. மறுபடி மாட்டினா 15,000, இல்லைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம்." முதல் தடவைக்கே 6 மாதம் வரை உள்ளே அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். எனக்கு டீ இறங்கவில்லை.

லைசென்ஸ் தனிக் கதை. போலீஸ் அதை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிவிட்டது. அங்கிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ், அப்புறம் 3 மாதம் ரத்து. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். அந்த மூன்று மாதத்தில் வண்டி எடுத்து மாட்டினால் அதற்கு வேறு 10,000 அபராதம் உண்டு என்பதால் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

பின்சீட்டுக்காரர்:

என் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வண்டியை ஓட்டியதே நான் இல்லை. 2022 அக்டோபரில், குடித்தவன் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்மீதும் கேஸ் என்று சென்னையில் ஆரம்பித்தார்களே, அதில் மாட்டினேன். குற்றத்துக்குத் துணைபோனது, 188ஆவது பிரிவு. "நீங்க அவரைத் தூண்டினீங்கன்னோ, தெரிஞ்சே துணை போனீங்கன்னோ அவங்கதான் நிரூபிக்கணும், நடத்திப் பார்க்கலாம்" என்றார் வக்கீல். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் லீவு, ஒரு நாள் சம்பளம். கணக்குப் போட்டுவிட்டு ஒத்துக்கொண்டேன். ஓட்டினவனும் நானும் ஒரே நாளில் கட்டினோம். அவன் இன்னும் எனக்கு அந்தப் பணத்தைத் தரவில்லை.

இருமல் மருந்து:

நான் குடிக்கிறவன் இல்லை. இருமல் மருந்து குடித்த கையோடு கிளம்பினேன், ஊதினால் 41. வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலையும் மெஷின் காட்டும், அது ரத்தத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. சண்டை போடாமல், பாட்டிலை எடுத்துக் காட்டி, "வாய் கொப்பளிச்சிட்டு கால் மணி நேரம் கழிச்சு வேற மெஷின்ல ஊதறேன் சார், இல்லைன்னா ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுங்க" என்றேன். இரண்டாவது தடவை 0. அனுப்பிவிட்டார்கள்.

வக்கீல் குமாஸ்தா:

மூன்று பேர் சொன்னதையும் படித்தேன். கோர்ட் வாசலில் நான் தினமும் கேட்கிற தப்பான யோசனைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

"ஊத மாட்டேன்னு சொல்லிடு, ஆதாரமே இருக்காது" என்பார்கள். தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் 205ஆவது பிரிவின்படி அந்த மறுப்பையே உங்களுக்கு எதிராக வைப்பார்கள். ஸ்டேஷனில் ரத்தம் எடுக்கவும் 204ஆவது பிரிவு இருக்கிறது. இன்னொன்று, "இரண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டலைன்னா கேஸ் செல்லாது." பாதி உண்மை. கைது செய்த இரண்டு மணி நேரத்தில் பரிசோதனை நடக்காவிட்டால் உங்களை விட்டுவிட வேண்டும் என்பதுதான் 202ஆவது பிரிவு. விட்டுவிட்டதால் மட்டும் கேஸ் போய்விடாது.

சோதனையே செய்யாமல் "வாய் நாறியது, தள்ளாடினார்" என்று மட்டும் எழுதியிருந்தால் பேச இடம் உண்டு. வாசனை, தடுமாற்றம், உளறல் இவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவுக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொல்லியிருக்கிறது. அடுத்தது மெஷின்: கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள், சீட்டில் இருக்கும் நேரமும் எஃப்.ஐ.ஆரில் இருக்கும் நேரமும் ஒத்துப்போகிறதா, ஊதியவர் நீங்கள்தான் என்பதற்கு உங்கள் கையெழுத்து இருக்கிறதா. ஒத்துக்கொள்வதற்கு முன்னால் இதையெல்லாம் வக்கீல் பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்ட பிறகு எங்களிடம் வந்து என்ன பிரயோஜனம்? பல்லாவரத்து சார் மாதிரி 78 வந்து குடித்ததும் உண்மை என்றால், முதல் தடவைதான் என்று சொல்லி ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. கோர்ட் தண்டிக்கும்போது குறைந்தது 6 மாதம் லைசென்ஸுக்குத் தடை போடச் சொல்லி 20ஆவது பிரிவு இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு தலையாட்டுங்கள்.

இதெல்லாம் யார்மீதும் இடிக்காதவர்களுக்கு. இடித்து ஆள் செத்துவிட்டால் பேச்சே வேறு. அப்போது 10,000 ரூபாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஜாமீன் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். உங்கள் காரின் சேதத்துக்கு இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். மெஷினில் ஊதாவிட்டாலும் போதையில் ஓட்டினார் என்பதைச் சூழ்நிலையை வைத்து இன்சூரன்ஸ்காரர்கள் நிரூபிக்க முடியும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மறந்துவிட்டேன்: ஊதிய சீட்டு கையில் இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஏ.டி.எம். சீட்டு மாதிரி அதுவும் வெளுத்துப்போகும்.

பல்லாவரத்துக்காரர்:

குமாஸ்தா சார், நீங்கள் சொன்ன பிறகு ஃபைலைத் திறந்து பார்த்தேன். 78 இல்லை, தேதி இல்லை, என் கையெழுத்து மட்டும் நீல மையில் இருக்கிறது.