வெடிமருந்திலிருந்து வந்த ஆங்கிலத் தொடர்கள்: தெரிந்தவர்கள் விளக்குங்களேன்

நெல்லை மாணவன்:
எம்.ஏ. ஆங்கிலம் முதலாமாண்டு படிக்கிறேன். 'ஃபிளாஷ் இன் தி பான்', 'ஹாஃப் காக்ட்', 'ஷார்ட் ஃபியூஸ்', அப்புறம் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் 'ஹாய்ஸ்ட் வித் ஹிஸ் ஓன் பெட்டார்' என்று வரும் 'பெட்டார்'. எல்லாவற்றுக்கும் அகராதிப் பொருள் மனப்பாடம்தான். ஆனால் எதுவும் கண்முன் வரமாட்டேன் என்கிறது. 'பான்' என்றாலே வாணலிதான் நினைவுக்கு வருகிறது. பெட்டார் என்றால் தூக்குக்கயிறு என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

பழைய ஃபோர்மேன்:
தம்பி, நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் வெடி வைக்கும் வேலையை மேற்பார்த்து ஓய்வுபெற்றவன். இந்தத் தொடர்கள் மீது எனக்குத் தனி ஆசை. பொருளை மனப்பாடம் செய்யாதீர்கள்; துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள், பொருள் தானே வரும்.

பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியில் குழலின் பக்கவாட்டில், பின்முனையை ஒட்டி, ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதுதான் 'பான்'. அதில் ஒரு சிட்டிகை நைஸான வெடிமருந்து. குண்டும் முக்கிய மருந்தும் குழலுக்குள்ளே. இரண்டுக்கும் நடுவே குழலின் சுவரில் ஒரு ஊசித் துளை. விசையை இழுத்தால், கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தி இரும்புத் தகட்டில் உரசும், பொறி கிண்ணத்தில் விழும், தீ துளை வழியாக உள்ளே போகும். துளையில் கரி அடைத்திருந்தாலோ உள்மருந்து நமுத்திருந்தாலோ கிண்ணத்து மருந்து மட்டும் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். முகத்துக்கு நேரே வெளிச்சமும் புகையும். குண்டு போட்ட இடத்திலேயே கிடக்கும். 'ஃபிளாஷ் இன் தி பான்' என்பதற்குக் 'குறுகிய காலப் புகழ்' என்று மட்டும் எழுதினால் இந்த ஏமாற்றம் போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

அந்தச் சுத்திக்கு இரண்டு நிலை உண்டு. பாதி இழுத்த நிலையில் விசை வேலை செய்யக்கூடாது. கிண்ணத்தில் மருந்து போடும்போது அதுதான் பாதுகாப்பு. உள்ளே பல் தேய்ந்திருந்தால் அந்த நிலையிலேயே சுட்டுவிடும். ஆயத்தமாகாமல் பாய்கிறவனை 'ஹாஃப் காக்ட்' என்பது இதனால்தான். ஒன்றுவிடாமல் முழுதும் என்று பொருள்படும் 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்பதில் லாக் என்பதும் பூட்டு இல்லை, இந்தச் சுத்தி அமைப்புதான்.

ஃபியூஸ், அதாவது வெடியின் திரி, என் தொழில்; அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் வைக்கோல் குழலிலும் வாத்து இறகுக் குழலிலும் மருந்தை அடைத்துத் திரியாகப் பயன்படுத்தினார்கள். எப்போது வேகமாக எரியும், எப்போது மெதுவாக எரியும் என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ பேர் அதில் கையும் கண்ணும் இழந்தார்கள், உயிரும் போனது. 1831இல் வில்லியம் பிக்ஃபோர்ட் என்ற தோல் வியாபாரி, கயிறு திரிப்பதைப் போல மருந்தை நடுவில் வைத்துச் சணல் நூலைச் சுற்றி ஒரு திரி செய்தார். அடிக்குச் சுமார் 30 விநாடி என்று சீராக எரிந்தது. நாங்கள் பயன்படுத்திய திரி அதன் வாரிசுதான். திரியை வெட்டும்போது என் ஆட்களிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. குட்டைத் திரியைப் பற்றவைத்தவனுக்கு ஓட நேரம் இருக்காது. 'ஷார்ட் ஃபியூஸ்' உள்ள மனிதரும் அப்படித்தான், சட்டென்று கோபத்தில் வெடிப்பார்.

கோபத்தில் நிதானம் இழப்பதைச் சொல்லும் 'புளோ எ ஃபியூஸ்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது மின்சார ஃபியூஸ். அந்தச் சொல் உருகுதல் என்ற பொருளில் வந்தது; நம் திரியின் பெயர் நூற்கும் கதிருக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வரலாற்று வாசகி:
பெட்டார் தூக்குக்கயிறு இல்லை. கோட்டைக் கதவை உடைக்கும் வெடி. மணி வடிவ உலோகக் கலத்தில் மருந்தை அடைத்து, மரப்பலகையில் பொருத்தி, வாய் கதவைப் பார்க்கும்படி மாட்டிப் பற்றவைப்பார்கள். மாட்டுகிறவர் மதிலுக்கு அடியிலேயே நிற்க வேண்டும். முந்தி வெடித்தால் அவர்தான் போவார். 3ஆம் அங்கம் 4ஆம் காட்சியில் ஹாம்லெட் தாயிடம் சொல்வது இதைத்தான். 'ஹாய்ஸ்ட்' என்பதை இன்று கொடியேற்றுவதோடு சேர்த்துப் படிப்பதால்தான் கயிறு நினைவுக்கு வருகிறது. அங்கே அது வானத்தில் தூக்கி எறியப்படுவது. பெட்டார் என்ற பெயர் வந்தது வாயு பிரிவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து.

நெல்லை மாணவன்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. 'எக்ஸ்ப்ளோட்', 'டெட்டனேட்' இரண்டும் ஒன்றுதானா?

பழைய ஃபோர்மேன்:
குவாரியில் இரண்டையும் ஒன்றென்று சொன்னால் பாறை பாழாகிவிடும். கரிமருந்து, அதாவது நான் இதுவரை மருந்து என்று சொன்னது, டெட்டனேட் ஆகாது. ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் எரிந்து, வாயுவின் அழுத்தத்தால் பாறையைத் தள்ளும். அதனால்தான் முழுக் கல்லாகப் பெயர்க்க அதைப் பயன்படுத்துவார்கள். 1867இல் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட் வேறு சாதி. அதில் அதிர்வலை ஒலியை மிஞ்சிய வேகத்தில் பாய்ந்து கல்லை நொறுக்கும். அதுதான் டெட்டனேஷன், லத்தீனில் இடி முழக்கம்.

'எக்ஸ்ப்ளோட்' இரண்டுக்கும் பொதுவான பேச்சுச் சொல். ஆனால் அது வெடிமருந்திலிருந்து வந்ததே இல்லை. ரோமாபுரி நாடக மேடையில் பிடிக்காத நடிகனைக் கைதட்டிக் கூச்சல் போட்டு விரட்டுவதற்கான சொல் அது. 18ஆம் நூற்றாண்டு உரைநடையில் ஒரு கொள்கையை 'எக்ஸ்ப்ளோடட்' என்று சொல்லியிருந்தால், வெடித்தது என்று எழுதிவிடாதீர்கள். பொய் என்று தள்ளப்பட்டது என்று எழுதுங்கள்.